மதுரையில் நிழல் தெற்கே விழும் மாதங்கள்

எங்கள் தெருமுனையில் வடக்குப் பார்த்த டீக்கடை ஒன்று இருக்கிறது. சித்திரை பிறந்ததும் கடைக்காரர் வாசலில் ஒரு தென்னந்தட்டியைக் கட்டிவிடுவார். ஆவணி பாதியில் அவிழ்த்துச் சுருட்டி மேலே வைத்துவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "மத்த மாசத்துல மத்தியான வெயிலு கடைக்குப் பின்னாடி போயிரும்ணே. இந்த நாலு மாசந்தான் முன்னாடி வந்து பாய்லர் மேல விழும்" என்றார்.

யாரும் சொல்லித் தந்து அவர் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஏப்ரல் 16 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 27 வாக்கு வரை, ஏறக்குறைய 130 நாட்கள், மதுரையில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த நாட்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே, நிழல் வடக்கே. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

பள்ளியில் பருவகாலங்களைப் படிக்கும்போது இந்த வடக்கு வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவில்லை. இலை உதிரும் மரம், பனி மூடிய கூரை, பூத்துக் குலுங்கும் வசந்தம் என்று நான்கு படங்களைக் காட்டினார்கள். அதனால் அச்சின் சாய்வு என்பது குளிர் நாட்டுக்காரர்களின் சமாச்சாரம் என்ற எண்ணம் மனதில் தங்கிவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. லண்டன்காரர் தலைக்கு நேர் மேலே சூரியனை ஒருநாளும் பார்க்க முடியாது. நாம் வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறோம்.

சரி, முதலில் பகலும் இரவும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுகிறது. மதுரையில் நிற்கிற ஒருவரை மணிக்கு 1,645 கி.மீ. வேகத்தில் கிழக்கே கொண்டுபோகிறது. வேகம் கூடாமல் குறையாமல் ஒரே சீராக இருப்பதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. ஓடத்தில் போகிறவனுக்குக் கரை பின்னால் போவதுபோலத் தெரிகிறதே, அப்படித்தான் வானம் மேற்கே நகர்வதாகத் தோன்றுகிறது என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை திரும்புகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம்; அது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூருக்குப் பக்கமாகப் போகிறது. மதுரை அதற்கு மேற்கே, 78.1 பாகையில் இருக்கிறது. இடைவெளி 4.4 பாகை. அதனால் சூரியன் நமக்கு உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, சராசரியாக 12.17க்கு. இந்த "சராசரியாக" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது சாய்வு. இதைச் சொல்லித் தர மதுரையைவிட வசதியான ஊர் கிடையாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சதுரம் சதுரமாகச் சுற்றியிருக்கும் வீதிகளுக்கு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயர்தான் வைத்திருக்கிறோம். சித்திரைத் தேர் ஓடும் மாசி வீதிகள் நான்கையும் பூமியின் பாதையாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் கோயில்தான் சூரியன். கையில் ஒரு குடையை விரித்துப் பிடியுங்கள். அதன் நுனி எப்போதும் வடக்கே அழகர்மலைப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எந்த வீதியில் நடந்தாலும், எந்த மூலையில் திரும்பினாலும் சாய்வை மட்டும் மாற்றக் கூடாது.

தெற்கு மாசி வீதியில் நிற்கும்போது கோயில் உங்களுக்கு வடக்கே இருக்கிறது. குடையின் நுனியும் வடக்கே, அதாவது கோயிலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இது ஜூன் 21. அப்படியே கீழ மாசி வீதிக்கு வாருங்கள். இப்போது கோயில் மேற்கே இருக்கிறது. குடை கோயிலை நோக்கியும் இல்லை, விலகியும் இல்லை, பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. இது செப்டம்பர் 22, 23. இரவும் பகலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் நாள். வடக்கு மாசி வீதிக்கு வந்தால் கோயில் தெற்கே போய்விட்டது. குடை கோயிலை விட்டு விலகிச் சாய்கிறது. இது டிசம்பர் 21, 22. மேல மாசி வீதியில் மறுபடியும் பக்கவாட்டு, மார்ச் 20, 21. நடந்த திசையைக் கவனித்தீர்களா? கோயிலை நாம் வலம் வரும் திசைக்கு நேர் எதிர். வடதுருவத்துக்கு மேலே இருந்து பார்த்தால் பூமி சூரியனை அப்படித்தான் சுற்றுகிறது.

குடையை நீங்கள் ஒருமுறைகூட ஆட்டவில்லை என்பதுதான் இதில் முக்கியம். பூமி ஆறு மாதம் இந்தப் பக்கமும் ஆறு மாதம் அந்தப் பக்கமும் சாய்கிறது என்று பல பேர் நினைக்கிறார்கள். அது சாய்வதே இல்லை, சாய்ந்தே இருக்கிறது. 23.4 பாகை சாய்ந்த அந்த அச்சின் வடக்கு முனை வருடம் முழுக்கத் துருவ நட்சத்திரத்தின் பக்கமே காட்டிக்கொண்டிருக்கிறது. மதுரையில் அந்த நட்சத்திரம் வடக்குத் தொடுவானத்துக்கு மேலே சுமார் பத்துப் பாகை உயரத்தில் தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கினால் ஒரு முட்டி உயரம், அவ்வளவுதான். ஊர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. அழகர்கோவில் சாலையில் கொஞ்சம் தள்ளிப் போய், மேகம் இல்லாத தை, மாசி இரவில் பார்க்கலாம்.

பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர் என்று படித்தவர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாடப் படத்தில் பூமியின் பாதையை முட்டைபோல நீட்டி வரைந்ததன் பலன் இது. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் மார்கழிக் கடைசியில். அப்போது தூரம் 14.7 கோடி கி.மீ. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், 15.2 கோடி கி.மீ. அந்தப் பாதையை 30 செ.மீ. அகலத்துக்குத் தாளில் வரைந்தால் கண்ணுக்கு அச்சு அசல் வட்டமாகவே தெரியும். சூரியன் மட்டும் நடுப்புள்ளியிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்.

டீக்கடைத் தட்டிக்குத் திரும்புவோம். மொட்டைமாடியில் ஒரு மீட்டர் உயரக் குச்சியை நேராக நட்டு, ஒவ்வொரு வாரமும் நண்பகல் நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தால் ஒரு வருடத்தில் முழுக் கதையும் தரையில் வந்துவிடும். டிசம்பர் 21 அன்று நிழல் வடக்கே 66 செ.மீ. இருக்கும். தை, மாசி, பங்குனி என்று சுருங்கிக்கொண்டே வந்து ஏப்ரல் 16 வாக்கில் குச்சியின் காலடிக்குள் போய் மறைந்துவிடும். நிழல் இல்லா நாள் என்று சொல்வது இதைத்தான். அப்புறம் நிழல் மறுபக்கம், தெற்கே முளைக்கும். ஜூன் 21 அன்று 24 செ.மீ. வரை நீண்டு, திரும்பச் சுருங்கி, ஆகஸ்ட் 27 வாக்கில் இன்னொரு தடவை மறையும்.

நிழல் இல்லா நாள் எல்லா ஊருக்கும் ஒரே தேதியில் வராது. சூரியன் உச்சியில் நிற்கும் கோடு அந்த நாட்களில் ஒரு நாளைக்குச் சுமார் 40 கி.மீ. வடக்கே நகர்கிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டிக் கன்னியாகுமரி, 16ஐ ஒட்டி மதுரை, அதற்கு மறுநாள் திண்டுக்கல், 24 வாக்கில் சென்னை. இப்படி ஒரு நடைப்பயணம்போலப் போய் ஜூன் 21 அன்று போபாலுக்குச் சற்று வடக்கே கடகரேகையைத் தொட்டுத் திரும்புகிறது. டெல்லிவரை அது போவதே இல்லை.

சூரியன் எழும் இடமும் இதேபோல நகர்கிறது. ஆனி மாதம் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி எழும் சூரியன், மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி எழுகிறது. கையை நீட்டிச் சாண் போட்டுப் பார்த்தால் இரண்டு சாணுக்கு மேலேயே வரும். புதூர்ப் பக்கம் மாடி வைத்திருப்பவர்கள் ஆனியில் யானைமலைப் பக்கம் பார்க்கிற உதயத்தை, மார்கழியில் வேறு யாரோ வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேட வேண்டியிருக்கும்.

இவ்வளவு நகர்ந்தும் மதுரையில் பெரிய குளிர்காலம் ஏன் இல்லை? வெயில் செங்குத்தாக விழுந்தால் ஒரே இடத்தில் குவிந்து சுடும். சாய்ந்து விழுந்தால் அதே வெயில் அதிக இடத்தில் பரவி உறைப்பு குறையும். டார்ச்சை நேராகவும் சரித்தும் தரையில் அடித்துப் பார்த்தால் இது புரியும். டிசம்பர் 21 நண்பகலில் மதுரைச் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கிறது. உச்சிச் சூரியனோடு ஒப்பிட்டால் தரையில் விழும் வெயில் ஆறில் ஒரு பங்குதான் குறைவு. அன்று டெல்லியில் சூரியன் எட்டும் உயரம் 38 பாகை, லண்டனில் வெறும் 15. வெயில் டெல்லியில் ஐந்தில் மூன்று பங்காகவும் லண்டனில் கால் பங்காகவும் இளைத்துவிடுகிறது. பகலின் நீளமும் அப்படித்தான். மதுரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி பத்து நிமிடம்தான் வித்தியாசம். டெல்லியில் அது மூன்றரை மணி நேரத்துக்கும் மேல்.

இன்னொரு கேள்வியும் எழும். சூரியன் உச்சியில் நிற்பது ஏப்ரல் நடுவில். ஆனால் கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசிவரை காய்ச்சுகிறது. ஏன் இந்தத் தாமதம்? அடுப்பில் வைத்த தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். தீ முழுவதாக எரிந்தாலும் கல் சூடாகச் சற்று நேரம் ஆகும். தீயைக் கொஞ்சம் தணித்தாலும் சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கும். சித்திரையிலிருந்து நிலம் வாங்கும் வெப்பம் அது இரவில் விடுவதைவிட அதிகம். மே கடைசியில் சூரியன் உச்சியைவிட்டு வடக்கே பன்னிரண்டு பாகைக்குள்தான் விலகியிருக்கிறது. வெயிலின் பலம் இரண்டு சதவீதம்தான் குறைந்திருக்கிறது. மண்ணில் ஈரமும் கிடையாது. சூடு ஏறாமல் என்ன செய்யும்?

ஆக, நம் பருவங்களை வெயிலை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நம் முன்னோர்கள் பிரித்த விதம் இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது. ஆவணி, புரட்டாசியில் கார் தொடங்குகிறது. ஆறில் இரண்டு மழைக்கும் காற்றுக்கும் போய்விட்டது, இரண்டு பனிக்கு. வெயிலுக்கென்று இருப்பது இரண்டே. இந்த மண்ணில் வாழ்ந்து பார்த்தவர்கள்தான் இப்படிப் பிரித்திருக்க முடியும்.

அந்தக் காற்றும் மழையும்கூட அதே சாய்விலிருந்து வருபவைதான். ஜூனில் உச்சிச் சூரியன் வட இந்தியப் பக்கம் போய்விட, அங்கே நிலம் காய்ந்து காற்று லேசாகி மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்ப இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரக் காற்று வடக்கே கிளம்புகிறது. இங்கேதான் பூமியின் சுழற்சி குறுக்கிடுகிறது. நடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. வடக்கே போகப் போகத் தரையின் வேகம் குறைகிறது. நடுக்கோட்டைத் தாண்டி வரும் காற்று அந்தக் கூடுதல் வேகத்தையும் தன்னோடு கொண்டுவருவதால் தரையை முந்திக்கொண்டு கிழக்கே வளைகிறது. தெற்கிலிருந்து கிளம்பியது தென்மேற்கிலிருந்து வருவதாக நமக்குப் படுகிறது. சாய்வு மட்டும் இருந்து சுழற்சி இல்லாமல் போயிருந்தால், நம் பருவக்காற்றுக்கு இந்தப் பெயரே வந்திருக்காது.

அந்தக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற அதே ஆடியில் நமக்கு மிஞ்சுவது அம்மியைப் பறக்கவிடும் வறண்ட காற்று. வைகை பெரும்பாலும் மணலாகக் கிடப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியது. மேற்கே கடலுக்குப் போக இருந்த தென்மேற்குப் பருவமழைத் தண்ணீர் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையோடு சேர்கிறது. மதுரைப் பக்கத்து வயல்களில் தலையில் ஒரு சொட்டு மழை விழாத ஆனியிலும் ஆடியிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்றால், அது நமக்கு வாய்க்காத பருவமழை சுரங்கம் வழியாக வந்து சேர்வதுதான். அணை கட்டியவர்களை இந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவதில் வியப்பே இல்லை.

ஐப்பசியில் சூரியன் தெற்கே போனதும் எல்லாம் தலைகீழாகிறது. வடக்கே நிலம் குளிர்கிறது, கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. காற்று வடக்கிலிருந்து தெற்கே இறங்கி, சுழற்சியால் மேற்கே வளைந்து, வங்கக் கடலைத் தடவி ஈரத்தோடு வடகிழக்கிலிருந்து வருகிறது. ஐப்பசி அடைமழையும் கார்த்திகைக் கனமழையும் அந்தக் காற்று கொண்டுவருபவை.

இனி அந்த "சராசரி" விஷயம். டிசம்பர் 21க்குப் பிறகு பகல் நீள்கிறது, ஆகவே சூரியன் சீக்கிரம் எழ வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மதுரையில் அப்படி நடப்பதில்லை. டிசம்பர் 21 அன்று 6.30 வாக்கில் உதிக்கும் சூரியன், பிப்ரவரி தொடக்கத்தில் 6.40க்குத்தான் உதிக்கிறது. பள்ளி வேனுக்குப் பிள்ளைகளைக் கிளப்புகிற வீடுகளில் மார்கழியைவிடத் தை மாதக் காலை இருட்டாக இருக்கிறது என்று சொல்வது வெறும் சோம்பல் பேச்சு அல்ல. அந்திப் பொழுதிலும் இதே கதை. மிகச் சீக்கிரம் சூரியன் மறைவது டிசம்பரில் அல்ல, நவம்பர் நடுவில், 5.52 வாக்கில்.

காரணம் இது. பூமி தன்னைத்தானே ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம்தான் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பாதையில் ஒரு பாகை அளவுக்கு முன்னே போய்விடுவதால், சூரியனை மறுபடி நேராகப் பார்க்க இன்னும் நான்கு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. அப்படித்தான் 24 மணி நேரம் ஆகிறது. ஆனால் சூரியனுக்கு அருகில் இருக்கும் டிசம்பர், ஜனவரியில் பூமி வேகமாக ஓடுகிறது. அதனால் திரும்ப வேண்டிய அந்த மிச்சமும் கூடுகிறது. அச்சின் சாய்வும் அதோடு சேர்ந்துகொள்ள, டிசம்பர் கடைசியில் ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகலுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் அரை நிமிடம் ஆகிறது. கடிகாரம் இதைக் கண்டுகொள்ளாது. அரை அரை நிமிடமாகத் தள்ளித் தள்ளி, நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கு வந்த உச்சிவேளை பிப்ரவரி நடுவில் 12.32க்குப் போய்விடுகிறது. அதோடு உதயமும் அஸ்தமனமும் சேர்ந்து தள்ளிப்போகின்றன. டெல்லியில் பகலின் நீளம் மளமளவென்று மாறுவதால் இந்த நழுவல் அவ்வளவாக வெளியே தெரியாது. நமக்குப் பகல் மெதுவாக மாறுவதால் தெரிந்துவிடுகிறது.

பூமியின் இந்த வேக மாற்றத்தைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலேயே பார்க்கலாம். தமிழ் மாதம் என்பது பூமி தன் பாதையில் 30 பாகை கடக்கும் காலம். சூரியனைவிட்டுத் தள்ளி, மெதுவாக நகரும் ஆனி மாதத்துக்கு 31 அல்லது 32 நாள். விரைந்து ஓடும் மார்கழிக்கு 29 அல்லது 30. ஆனி ஏன் நீளம், மார்கழி ஏன் குட்டை என்று கேட்கும் குழந்தைக்கு, கெப்ளர் 1609இல் வெளியிட்ட விதியைக் காலண்டர் தாளைக் கிழித்துக் காட்டியே விளக்கிவிடலாம்.

கடைசியாக ஒன்று. தை முதல் நாள் உத்தராயணம் தொடங்குகிறது என்கிறோம். சூரியன் தெற்கே போவதை நிறுத்தி வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22 அன்று. இடையே 24 நாள் இருக்கிறது. பெரியவர்கள் கணக்கில் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில்தான் இருந்தன. தளர்ந்து சுற்றும் பம்பரம் தலையை மெல்ல வட்டமடிப்பதுபோலப் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமடிக்கிறது. சாய்வு அதேதான், காட்டும் திசை மட்டும் மெல்ல மாறுகிறது. ஒரு வருடத்தில் மாசி வீதியைச் சுற்றும்போது குடை அசையவில்லை என்றேனே, ஆயிரம் வருடம் சுற்றினால் அசைவது தெரியும். தமிழ் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுபவை. பருவங்களோ அச்சின் சாய்வை வைத்து வருபவை. இரண்டுக்கும் இடையே சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது.

இப்போது மதுரையில் சித்திரை பிறந்து இரண்டு நாள் கழித்து நிழல் மறைகிறது. இன்னும் சுமார் ஒன்றரை நூற்றாண்டில் அந்த இரண்டு நாளும் கரைந்துவிடும். அன்று மாசி வீதிகளில் நிற்கிறவர்களுக்குச் சித்திரை முதல் நாளன்றே, பகல் 12.17 வாக்கில், நிழல் காலடியில் வந்து ஒடுங்கும்.